இரண்டு சாண் தூரத்துக்கு ஒரு லென்ஸ்

வெள்ளவத்தை
09.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே நான், மிதுஷன், மேனுகா மூவரும் சுகம். ரொறன்ரோப் பனியில் மச்சாளுக்குக் கால்வலி கூடியிருக்கும். வெறுங்காலோடு நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் நீங்கள் கட்டைவிரலை மட்டும் தூக்கிக் காட்டுவீர்கள். அதனால்தான் மின்னஞ்சல். மேனு நித்திரை. சத்தம் போட முடியாது, எழுதத்தான் முடியும்.

கம்பஸில் படிக்கும்போது நீங்கள் தந்த கமரா இன்னும் வேலை செய்கிறது. அதைக்கொண்டு அரிசிமணியை விடச் சின்னதான ஒன்றைப் படமெடுக்க வேண்டும். பூவோ சிலந்தியோ இல்லை. நுளம்புப் புழு.

எங்களுக்கு நேர் மேல்வீடு பூட்டியே கிடக்கிறது. யாரோ வெளிநாட்டுப் பார்ட்டி வாங்கி, உடைத்துத் திருத்தி, பூட்டிவிட்டுப் போய்விட்டது. பின்பல்கனியில் உடுப்புத் தோய்க்கிற சீமெந்துத் தொட்டி ஒன்று. அதில் மழைத் தண்ணீர் நிறைந்து, வழிந்து, குழாய் வழியாக எங்கள் பல்கனியில் சொட்டுகிறது. வாளி வைத்தேன். வாளிக்குள் புழு நெளிகிறது. சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டால் அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ், பக்கட் எக்க ஒயாகேனே” என்கிறார். வாளி என்னுடையதாம்! குற்றவாளி நானாம்! பிறகு, இது கால்வாய் நுளம்பு, டெங்கு இல்லை என்று போய்விட்டார். விலங்கியல் படித்தவளிடம் சொல்கிற கதையா?

டெங்கு நுளம்பின் புழுவுக்கு வால்பக்கத்து மூச்சுக்குழல் குட்டை. மற்றதுக்கு நீளம். வெறுங்கண்ணுக்குப் பிடிபடாது, படத்தில் பிடிபடும். மேனுவுக்குப் போன வருடம் டெங்கு வந்தபோதே டொக்டர் சொன்னார், இரண்டாம் முறை வந்தால் இப்படி இலேசாக விடாது என்று. அந்தச் சொல்லோடுதான் நான் ஒவ்வொரு நாளும் எழும்புகிறேன்.

கொட்டாஞ்சேனையில் பழைய கமரா விற்கிற கிளைவ் மூன்று வழி சொல்கிறார். இருக்கிற லென்ஸைத் தலைகீழாகப் பூட்டுகிற வளையம். கமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கிற வெற்றுக் குழாய். இல்லையென்றால் நெருக்கப் படத்துக்கென்றே செய்த மக்ரோ லென்ஸ். “தங்கச்சி, நுளம்ப அடிக்கிறதா, போட்டோ புடிக்கிறதா, மொதல்ல அத முடிவு பண்ணுங்க” என்று பகிடி வேறு. எதை எடுக்கட்டும்?

இந்தத் தொடர்மாடிக்கு வந்த புதிதில் கடற்காற்றையும் காவல்கார ஹியூபேட் அண்ணாவையும் உங்களுக்கு எவ்வளவு புகழ்ந்து எழுதினேன்! என் வாயைச் சொல்ல வேண்டும்.

உங்கள் பதிலைப் பார்த்திருக்கும்
தங்கை உஷாந்தி

*

ரொறன்ரோ
11.02.2025

அன்பின் உஷா,

நாங்கள் நலம். மச்சாளின் கால் பரவாயில்லை. என் மருமகளுக்கு மாமாவின் கொஞ்சல்.

வளையத்தை வாங்கு. வாளியில் இருந்து ஒரு புழுவைக் கண்ணாடிக் குவளைக்குள் எடுத்துவிட்டால் அதுவே தாராளம். ஒன்று தெரிந்து வைத்துக்கொள்: லென்ஸைத் திருப்பிப் பூட்டினால் கமரா அதோடு பேசாது. வெளிச்சம், குவியம் எல்லாம் உன் கையில். குவியத்துக்கு லென்ஸின் குவிய வளையத்தைத் திருகாதே. கமராவையே முன்னுக்குப் பின்னுக்கு மெல்ல ஆட்டிப் பார், கூர்மை வரும் கணத்தில் அமத்து. பொருளுக்கு மிகக் கிட்டப் போக வேண்டி வரும், ஏறக்குறைய முட்டுகிற மாதிரி. பிளாஷ் நேரடியாக அடித்தால் புழுவின் முதுகில் வெள்ளைத் தழும்பு விழும். யோகட் கோப்பையின் அடியை வெட்டிப் பிளாஷுக்கு முன்னால் ஒட்டு. இங்கே நூறு டொலருக்கு விற்கிற சாமான் செய்கிற வேலையை அது செய்யும்.

நீ கம்பஸ் காலத்தில் யாரிடமோ லென்ஸ் இரவல் வாங்கி எடுத்த துள்ளுசிலந்திப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அதன் கண்களை நான் மறக்கவில்லை. உனக்குக் கை இருக்கிறது. விட்டுவிடாதே.

அன்புடன்
அண்ணா

*

வெள்ளவத்தை
23.02.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் சுகம். மேனுவுக்கு உடம்பு முழுக்க நுளம்பெண்ணெய் பூசிப் பூசிப் பிள்ளை வழுக்கிக்கொண்டு ஓடுகிறாள். மச்சாள் சுகமா?

வளையம் வந்தது. யோகட் கோப்பை அற்புதம். படத்தில் மூச்சுக்குழல் குட்டை, தடிப்பு, சந்தேகமே இல்லை. ஓடிப்போய்ப் பரிசோதகரிடம் காட்டினேன். படம் வடிவாக இருக்கிறதாம். ஆனால் புழு இருந்தது என் வாளியில்தானே, மேல்வீட்டுத் தொட்டியில் இருந்ததற்கு என்ன அத்தாட்சி என்று கேட்கிறார். பூட்டின வீட்டைக் காரணமில்லாமல் திறக்க மாட்டாராம்.

நிர்வாகக் குழுத் தலைவர் வரதராசாவிடம் போனேன். வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லுங்கோ, நானே கதைக்கிறேன் என்றேன்.

“பிள்ளை, அவை பேர் சொல்ல வேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம். பிறகு எனக்கெல்லோ கரைச்சல்.”

“என்ர பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அது ஆற்ற கரைச்சல், அங்கிள்?”

“உமக்கு எல்லாத்துக்கும் கோபம் வருது. பிரஷரைச் செக் பண்ணும்.”

ஹியூபேட் அண்ணாவிடம் மேல்வீட்டின் திறப்பு இருக்கிறது. கேட்டால், “தங்கச்சி, நான் தொறந்தா நாளைக்கு நான் கொட்டாஞ்சேன வீட்ல குந்திட்டு இருக்கணும். அந்த வீட்டு ஏஜென்ட் மாத்தயா சொல்லாம முடியாது” என்கிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே தொட்டிக்குள்ளேயே படமெடுக்க வேண்டும். மேல்மாடிப் படிக்கட்டுக்கும் அந்தப் பல்கனிக்கும் நடுவே கம்பி. கம்பிக்குப் பின்னால் அரைச்சுவர், அதற்குப் பின்னால் தொட்டி. கை தோள்வரைக்கும் நுழைகிறது, கமராவும் நுழையும். நீட்டிப் பிடித்தால் தண்ணீருக்கு இரண்டு சாண் தூரம். போனை நீட்டிப் பார்த்தேன்: கறுப்புத் தண்ணீர், டோர்ச்சின் வெள்ளைப் பொட்டு, வேறொன்றும் இல்லை. திருப்பிப் பூட்டின லென்ஸுக்கு இந்தத் தூரம் சரிவராது. இரண்டு சாண் தூரத்துக்கு எந்த லென்ஸ்?

மேல்வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரு வரி திட்டி எழுதியிருந்தாலாவது மனம் ஆறியிருக்கும்.

தங்கை
உஷாந்தி

*

ரொறன்ரோ
16.03.2025

அன்பின் உஷா,

சுகம் தானே? பதில் பிந்திவிட்டது. வேலை, மச்சாளின் வைத்தியர், அது இது.

இரண்டு சாணுக்கு நூறு மில்லிமீற்றர் மக்ரோ லென்ஸ்தான் சரி. அறுபது வாங்கினால் தலையைத் தொட்டிக்குள் விட வேண்டி வரும். வெற்றுக் குழாயும் வேண்டாம், அது தூரத்தைக் குறைத்துவிடும். பின்திரையைத் திருப்பி மேலே பார்க்க வை. துவாரத்தைச் சின்னதாக்கு, கை நடுங்கினாலும் புழு குவியத்துக்குள் நிற்கும். முக்காலி கொண்டுபோகாதே, படிக்கட்டில் ஆட்கள் இடறுவார்கள். வெள்ளைச் சமநிலையைத் தானியங்கியில் விடாதே. தொட்டியின் நீல டைல்ஸ் பிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடித்துப் புழுவையும் நீலமாக்கிவிடும். ஒரு வெள்ளைத் தாளைப் படமெடுத்துக் கையால் சரிசெய்.

லென்ஸை நீ வாங்காதே. இங்கிருந்து நான் அனுப்புகிறேன். ஆள் பார்க்கிறேன்.

உஷா, எல்லோரோடும் சண்டை பிடியாதே. வீட்டுக்காரருக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும். மேனுவுக்கு வலை கட்டு. யன்னலைப் பூட்டி வை.

அன்புடன்
அண்ணா

*

வெள்ளவத்தை
17.03.2025

அண்ணா,

சுகம்.

யன்னலைப் பூட்டி வை! பங்குனி வெயிலில், வெள்ளவத்தையில், யன்னலைப் பூட்டி வை! கடற்காற்று வருகிற வீடு என்றுதானே வாடகைக்கு எடுத்தோம். நீங்கள் அங்கே ஹீட்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு எழுதிவிட்டீர்கள். மேனு நேற்று வலைக்குள் இருந்து, “அம்மா, நான் என்ன மீனா?” என்று கேட்டாள்.

வீட்டுக்காரருக்கு என்ன கஷ்டம்? இரண்டு வீடு இருக்கிற கஷ்டமா? போன வருடம் நாங்கள் வீடு தேடி மருதானை, பம்பலப்பிட்டி என்று பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அலைந்தபோது இங்கே எத்தனை வீடுகள் இப்படி விளக்கேற்ற ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன தெரியுமா? நிலத்தில் கால் வைக்காத ஆட்களுக்கு இங்கே வீடு. அவர்களின் தொட்டியில் பிறக்கிற நுளம்புக்கு எங்கள் பிள்ளைகள் சாப்பாடு.

லென்ஸ் அனுப்புவதற்கு நன்றி. கெதியாக அனுப்புங்கள். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

உஷாந்தி

*

ரொறன்ரோ
08.04.2025

அன்பின் உஷா,

உன் கோபம் விளங்குகிறது. நாங்கள் நலம். மிதுஷன் மச்சான் எப்படி?

லென்ஸை வாங்கிவிட்டேன், புதியது. என்னோடு வேலை செய்கிற நேசம் அக்கா புதுவருசத்துக்கு வருகிறா, நேரே உன் கையில் தருவா. முன்கண்ணாடியை விரலால் தொடாதே. முதலில் மேனுவின் கண்ணிமையை எடுத்துப் பார், ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரியும். இவ்வளவு நல்ல சாமானைப் புழுவோடு தொடங்காதே.

மேல்வீட்டைப் பற்றி யோசிக்காதே. அதை யாராவது துப்புரவாக்குவார்கள். கொஞ்சம் பொறு.

அன்புடன்
அண்ணா

*

வெள்ளவத்தை
27.04.2025

அண்ணா,

சுகம் விசாரிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மேனுவுக்குக் காய்ச்சல். டெங்குதான், இரத்தப் பரிசோதனையில் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி வாட்டில் கதிரையில் இருந்துகொண்டு போனில் எழுதுகிறேன். இரத்தத்தட்டுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன. குடித்த தண்ணீரையும் போன சலத்தையும் அளந்து அளந்து சொல்ல வேண்டும். பல்முரசில் இரத்தம் கசிகிறதா என்று உதட்டைப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறார்கள். பார்க்கிறேன். பார்க்கப் பயமாக இருக்கிறது, பார்க்காமல் இருக்கவும் பயம்.

ஒருவரும் துப்புரவாக்கவில்லை. லென்ஸ் வந்தது. பெட்டி பிரிக்கவில்லை.

உஷா

*

ரொறன்ரோ
27.04.2025

உஷா,

இப்போதுதான் பார்த்தேன். போன் அடித்தேன், நீ எடுக்கவில்லை. பிள்ளை எப்படி? என்ன வேண்டும் என்று சொல். எதுவானாலும் சொல். மச்சாள் அழுகிறா. நான் அவர்களிடம் அப்போதே சொன்னேன்

அண்ணா

*

வெள்ளவத்தை
18.05.2025

அண்ணாவுக்கு,

மேனு வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்து போனாள், ஆனாலும் யோகட் கேட்கிறாள், சட்டம் பேசுகிறாள். அதனால் நாங்கள் சுகம் என்று எழுதலாம்.

அவள் நித்திரையான ஒரு பின்னேரம் உங்கள் லென்ஸைப் பிரித்தேன். மேல்மாடிக்குப் போய்க் கம்பிக்குள்ளால் கையை விட்டேன். நீங்கள் சொன்ன எல்லாம் சொன்னபடியே இருந்தது. நூறு மில்லிமீற்றர், இரண்டு சாண், சின்னத் துவாரம். முதல் படத்திலேயே புழு விழுந்தது. வால், மூச்சுக்குழல், பக்கத்து மயிர், எல்லாம் துல்லியம்.

படம் முழுக்க நீலம்.

வெள்ளைத் தாளை மறந்துவிட்டேன், அதுதான் என்று நினைத்தேன். பிறகு கம்பியைப் பிடித்தபடி படிக்கட்டிலேயே இருந்துவிட்டேன். நான் உங்களுக்கு எழுதியது சீமெந்துத் தொட்டி என்று. வெளியில் இருந்து பார்த்தால் அது சீமெந்துதான். அரைச்சுவர் மறைப்பதால் உள்ளே எட்டிப் பார்க்க ஒருவராலும் முடியாது. உள்ளே நீல டைல்ஸ் பதித்திருக்கிறது என்று பிளாஷ் அடிக்கும்வரை எனக்கே தெரியாது.

பங்குனியிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது.

“அவர்களிடம் அப்போதே சொன்னேன்” என்றீர்கள். எவர்களிடம்? அந்த வீடு யாருடையது, அண்ணா?

உஷாந்தி

*

ரொறன்ரோ
10.06.2025

அன்பின் உஷா,

எத்தனையோ முறை எழுதி அழித்துவிட்டேன். மேனு முன்னைப்போல் சாப்பிடுகிறாளா?

ஓம். எங்கள் வீடுதான். மச்சாளின் பெயரும் என் பெயரும். நீ அந்தக் கட்டடத்தைப் பற்றி நல்லதாக எழுதியதை வைத்துத்தான் வாங்கினோம். அந்த டைல்ஸ், ஏஜென்ட் அனுப்பின படங்களைப் பார்த்து மச்சாள் தெரிந்தெடுத்தது. அப்போது நீங்கள் வீடு தேடி அலைந்து களைத்து அங்கே வாடகைக்கு வந்த புதிது. சொன்னால் எங்கள் வீட்டில் இருக்கக் கேட்பீர்கள், கேட்டால் என்னால் மறுக்க முடியாது, மறுக்காவிட்டால் இங்கே வீட்டில் பிரச்சினை. அதனால் பிறகு சொல்வோம் என்று விட்டேன். பிறகு சொல்ல முகம் வரவில்லை.

உன் முதல் கடிதம் வந்த அன்றே ஏஜென்டிடம் சொன்னேன். துப்புரவாக்குகிறோம், துப்புரவாக்குகிறோம் என்றே சொல்லிக்கொண்டிருந்தான். நம்பினேன். கடவுளறிய நான் இப்படி நடக்கும் என்று நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பரிசோதகரிடம் பெயரைச் சொல்லிவிடாதே. வழக்கு வந்தால் மச்சாளின் பெயரும் போகும். ஹியூபேட்டிடம் திறப்பை உனக்குத் தரச் சொல்லிவிட்டேன். சத்தமில்லாமல் துப்புரவாக்கிவிட்டு நீங்கள் மூவரும் அங்கேயே வந்து இருங்கள். வாடகை வேண்டாம். உன் வீடு மாதிரி நினை.

அண்ணா

*

வெள்ளவத்தை
21.06.2025

அண்ணாவுக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்றைக்கும் எழுதுகிறேன். அப்பா பழக்கிய பழக்கம், கோபத்திலும் கை தானாக எழுதுகிறது. மேனு சுகம்.

திறப்பு வந்தது. ஹியூபேட் அண்ணா அதை என் கையில் வைத்துவிட்டு, “தங்கச்சி, ஒங்க அண்ணன்தான்னு எனக்குச் சத்தியமாத் தெரியாது” என்று கண்கலங்கினார். மாசியில் இந்தத் திறப்பு வந்திருந்தால் போதும். ஒரு தும்புத்தடி, ஒரு வாளி, அரை மணித்தியால வேலை. நான் எந்த லென்ஸ் என்று கேட்டேன், நீங்கள் எந்த லென்ஸ் என்று சொன்னீர்கள். அறுபதா நூறா என்று அவ்வளவு அக்கறையாகத் தெரிந்தெடுத்துத் தந்தீர்கள். கடல் தாண்டி லென்ஸ் வந்தது. ஒரு மாடிக்குக் கீழே திறப்பு வரவில்லை. நான் கண்ணால் கண்டு எழுதியதை விட ஏஜென்ட் வாயால் சொன்னது உங்களுக்கு வசதியாக இருந்தது.

துப்புரவாக்கவில்லை. தொட்டியை அப்படியே விட்டு, படத்தோடு போய்ப் பரிசோதகரைக் கூட்டிவந்தேன். வரதராசா அங்கிளும் வந்தார். கதவைத் திறந்தோம். கூடத்துச் சுவரில் என் சிலந்தி.

அண்ணா, அதை நீங்கள் எழுதவேயில்லை. கதவளவுக்குப் பெருப்பித்து, கறுப்புச் சட்டம் போட்டு, மாட்டியிருக்கிறீர்கள். அதற்கு எதிரே பொலித்தீன் உறை கழற்றாத சோபா. அந்தக் கண்கள் எல்லாம் என்னைப் பார்த்தன. என் படத்துக்கு இந்த வீட்டில் இடமிருந்திருக்கிறது.

அதற்குள் பரிசோதகர் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்து, வீட்டுக்காரர் யார் என்று கேட்டார். வரதராசா அங்கிள் மின்விசிறியைப் பார்த்தார். ஹியூபேட் அண்ணா நிலத்தைப் பார்த்தார். கீழே மேனு யாருடனோ சண்டைபிடிக்கிற சத்தம் படிக்கட்டால் ஏறி வந்தது. அந்தக் குரல் திரும்பி வருமா என்று தெரியாமல் நான் இருந்த கதிரை ஞாபகம் வந்தது.

நான் சொன்னேன். உங்கள் பெயர், மச்சாளின் பெயர், ரொறன்ரோ விலாசம். “ஏக கொஹொமத தன்னே?” என்றார் அவர், எப்படித் தெரியும் என்று. “மகே அய்யா” என்றேன். என் அண்ணன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும். ஒருவரை அனுப்பி வையுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வாருங்கள். வந்தால் எங்கள் வீட்டில் சாப்பிடலாம். இங்கே வாடகைக்கு இருப்பது நாங்கள், கதவு பூட்டுவதில்லை.

மேல்வீட்டுக்கு நாங்கள் வர மாட்டோம். திறப்பை ஹியூபேட் அண்ணாவிடமே கொடுத்துவிட்டேன். சிலந்தியைக் கழற்றிக் கீழே கொண்டுவந்துவிட்டேன், அது என்னுடையது. சுவரில் ஆணி மட்டும் நிற்கிறது.

அதற்காக ஒரு படம் இணைத்திருக்கிறேன். உங்கள் தொட்டியில் உங்கள் லென்ஸால் எடுத்தது. வெள்ளைச் சமநிலையைத் திருத்தவில்லை, நீலம் நீலமாகவே இருக்கட்டும். எவ்வளவு பெருப்பித்தாலும் உடையாது, அவ்வளவு துல்லியம். நல்ல லென்ஸ் அண்ணா, தெரிந்துதான் வாங்கியிருக்கிறீர்கள்.

சட்டம் போட்டு மாட்டுங்கள்.

உங்கள் தங்கை
உஷாந்தி